பவேரிய நாட்டுப்புறத்தில் ஐந்து நாட்கள்

ஜெர்மனி என்றதும் மாணவியர் பலருக்கும் ஆலைகளும், மோட்டார் வாகனங்களும், பெர்லின் மாநகரமுமே நினைவிற்கு வரும். ஆனால் அந்நாட்டின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில், முற்றிலும் வேறான ஓர் உலகம் இருக்கிறது. அலை அலையாய் விரியும் பசும்புல் மேடுகள், பசுக்களின் கழுத்து மணியோசை, வெங்காயத்தைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற கோபுரமுடைய கோவில்கள், வழியோரச் சிலுவைகள்! இதுவே பவேரிய மாநிலத்தின் நாட்டுப்புறம். லெஹ் ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள ஒரு பகுதிக்குப் 'பாஃபன்விங்கல்', அதாவது 'குருக்களின் மூலை' என்றே பெயர். அவ்வளவு துறவு மடங்கள் ஒரு காலத்தில் அங்கே நெருங்கி இருந்தன.

இப்பகுதியின் சிற்றூர் ஒன்றில் தங்கி, நாளுக்கொரு திசையாகச் சென்று பார்க்கக்கூடிய இடங்களை இக்கட்டுரையில் காண்போம்.

தங்கும் விடுதி

சிற்றூர் விடுதியை அங்கு 'காஸ்ட்ஹோஃப்' என்பர். கீழ்த்தளத்தில் உணவுக்கூடம், மேல்தளத்தில் அறைகள். பெரும்பாலும் அது கோவிலுக்கு எதிரிலோ அருகிலோ இருக்கும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஊரார் கூடிப் பேசுவது இங்கேதான். ஊரில் வழக்கமாக வருவோருக்கென ஒரு மேசை ஒதுக்கப்பட்டிருக்கும். அயலார் அதில் அமர்வதில்லை. 'போஸ்ட்' என்று பெயருள்ள விடுதிகள், அஞ்சல் வண்டிகளின் குதிரைகளை மாற்றிய பழைய நிலையங்கள். சிங்கம், கழுகு, எருது ஆகிய பெயர்களையும் நிறையக் காணலாம்.

செல்வோர் சிலவற்றை நினைவிற் கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாள் உணவுக்கூடத்திற்கு ஓய்வு விடப்படும். ஞாயிற்றுக்கிழமையன்று கடைகள் சட்டப்படியே மூடப்பட்டிருக்கும்; தேவையானவற்றைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். பல ஊர்களில் தங்குவோருக்கு விருந்தினர் அட்டை தருகிறார்கள். அதைக் காட்டி அப்பகுதிப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். வழியில் எதிர்ப்படுவோர், 'க்ரூஸ் காட்' என்பார்கள். 'இறைவன் உம்மை வாழ்த்துவாராக' என்பது அதன் பொருள். நாமும் அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

முதல் நாள்: புல்வெளியில் ஒரு கோவில்

ஸ்டைன்காடன் என்னும் ஊருக்கு அருகில், புல்வெளி நடுவே தனித்து நிற்கிறது வீஸ் திருத்தலம். 'வீஸ்' என்றாலே புல்வெளிதான். இதன் வரலாறு ஒரு விடுதியின் பரணில் தொடங்குகிறது.

1730-ஆம் ஆண்டில் ஸ்டைன்காடன் துறவியர் பெரிய வெள்ளிப் பவனிக்கென்று, கசையடிபட்ட இயேசுவின் சுரூபம் ஒன்றைச் செய்தனர். பழைய மரச் சிலைகளின் பகுதிகளை ஒன்று சேர்த்து, மூட்டுகளைத் துணியால் மூடி, வண்ணம் தீட்டினர். அது பார்ப்பவர் மனம் பொறுக்காத அளவிற்குப் பரிதாபமாக இருந்ததால், சில ஆண்டுகளில் பவனியினின்று நீக்கி, விடுதிக்காரர் ஒருவரின் பரணில் போட்டுவிட்டனர். 1738-இல் மரியா லோரி என்னும் குடியானவப் பெண் அதைக் கேட்டு வாங்கித் தம் வீட்டில் வைத்து வணங்கினார். அவ்வாண்டு ஜூன் 14 அன்று அச்சுரூபத்தின் கண்களில் நீர்த்துளிகளைக் கண்டதாக அக்குடும்பத்தார் கூறினர். செய்தி பரவியது, மக்கள் திரள் திரளாய் வந்தனர்.

அவர்களுக்காக 1745 முதல் 1754 வரை இப்போதுள்ள கோவில் கட்டப்பட்டது. கட்டியவர் டோமினிகஸ் ஸிம்மர்மான். மேற்கூரை ஓவியங்களைத் தீட்டியவர் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட். வெளியே எளிய தோற்றம். உள்ளே வெண்மையும் பொன்னும் ஒளியும்! கூரை ஓவியத்தில் கிறிஸ்து வானவில்லின்மேல் வீற்றிருக்கிறார். தீர்ப்பு வழங்கும் அரியணை இன்னும் வெறுமையாக உள்ளது. நித்தியத்தின் கதவு மூடியிருக்கிறது. மனந்திரும்ப இன்னும் காலம் உண்டு என்பதே அதன் கருத்து. கட்டடக் கலைஞர் இக்கோவிலைப் பிரிய மனமின்றி, அருகிலேயே வீடு கட்டிக்கொண்டு, 1766-இல் அங்கேயே இறந்தார்.

1803-ஆம் ஆண்டில் அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துக்களைக் கைப்பற்றியபோது, இக்கோவிலும் இடிபடும் நிலைக்கு வந்தது. சுற்றுவட்டாரக் குடியானவர்கள் எழுந்து நின்று தடுத்திராவிட்டால் இன்று நமக்குக் காண ஒன்றும் இருந்திராது. 1983-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இரண்டாம் நாள்: அரசனின் கனவு

ஃப்யூஸன் நகருக்கு அருகில், பாறை உச்சியில் நிற்கிறது நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை. நாட்காட்டிப் படங்களில் இதனைக் காணாதவர் அரிது. பார்ப்பதற்கு மிகப் பழைமையான கோட்டைபோல் இருப்பினும், இதன் அடிக்கல் நாட்டப்பட்டது 1869-இல்தான். பதினெட்டு வயதில் அரியணை ஏறிய இரண்டாம் லுட்விக் மன்னர், மக்கள் கூட்டத்தை விட்டு விலகித் தனிமையில் வாழ இதனைக் கட்டினார். கடன் மேல் கடன் ஏறியது. 1886 ஜூன் மாதத்தில், மனநலம் குன்றியவர் என அறிவித்து அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். அம்மாதம் 13-ஆம் நாள் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் அவருடைய உடலும், அவருடன் சென்ற மருத்துவரின் உடலும் கிடைத்தன. நடந்தது என்ன என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

ஒருவருக்காக மட்டும் எழுப்பப்பட்ட அவ்வரண்மனை, அவர் இறந்த ஏழாவது வாரத்திலேயே கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது! கட்டட வேலை முழுமையாக முடியவேயில்லை. இன்று ஆண்டுதோறும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். 2025-ஆம் ஆண்டில் லுட்விக்கின் மற்ற அரண்மனைகளுடன் இதுவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்சில் நாஜிகள் கொள்ளையிட்ட கலைப்பொருட்களை இங்கே பதுக்கி வைத்திருந்தனர் என்பதும் அறியத்தக்கது.

நுழைவுச் சீட்டில் குறித்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். அடிவாரத்திலிருந்து ஏறிச் செல்ல அரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். அருவி பாயும் பள்ளத்தாக்கின்மேல் உள்ள மரியா பாலத்திலிருந்து காணும் காட்சியே மிகச் சிறந்தது.

மூன்றாம் நாள்: நேர்ச்சை ஊரும் சிறைப்பட்ட குருவும்

1633-இல் ஓபர்அம்மர்காவ் என்னும் ஊரைக் கொள்ளைநோய் தாக்கியது. நோய் நீங்கினால் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடித்துக் காட்டுவோம் என ஊரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதல் பாஸ்கா நாடகம் நடந்தது. இன்றும் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. கொரோனா நோயினால் 2020-இல் நடைபெற வேண்டியது 2022-க்குத் தள்ளிப்போனது. அடுத்தது 2030-இல் வரும். அவ்வூரில் பிறந்தவர்களோ, இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்களோதான் நடிக்கலாம்.

இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்குரியவை. முன்பு, திருமணமான பெண்களோ முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களோ நடிக்கக்கூடாது என்று விதி இருந்தது. சில பெண்கள் நீதிமன்றம் சென்று வழக்காடினர், 1990-இல் வென்றனர். அடுத்து, பழைய நாடகத்தில் யூத மக்களைக் கொடியவர்களாகக் காட்டும் பகுதிகள் இருந்தன. 1934-இல் ஹிட்லர் இந்நாடகத்தைக் காண வந்தார் என்பதிலிருந்தே அதிலிருந்த ஆபத்தை உணரலாம். அண்மைக் காலங்களில் அப்பகுதிகளைத் திருத்தி, இயேசுவும் யூதரே என்பதைத் தெளிவாகக் காட்டுகிறார்கள். நேர்ச்சையைக் காப்பவர்கள் தவற்றைத் திருத்தவும் துணிந்தது பாராட்டுக்குரியது.

நாடகம் இல்லாத ஆண்டுகளிலும் வீட்டுச் சுவர்களில் தீட்டிய வண்ண ஓவியங்களையும், மரச் சிற்பிகளின் பட்டறைகளையும் காணலாம்.

சிறிது தொலைவில் எட்டால் மடம் உள்ளது. 1330-இல் பேரரசர் லுட்விக் நிறுவிய ஆசீர்வாதப்பர் சபை மடம் இது. முனிச் நகரில் நாஜிகளை எதிர்த்துத் துணிவுடன் மறையுரையாற்றிய இயேசு சபைக் குரு ரூபர்ட் மாயர், 1940 முதல் 1945 வரை இங்கே அடைத்து வைக்கப்பட்டார். முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர் அவர். வதை முகாமில் இறந்தால் மக்கள் அவரை மறைசாட்சியாகப் போற்றுவர் என்று அஞ்சியே, வாய் திறக்கக்கூடாதென்ற தடையுடன் இம்மடத்தில் வைத்தனர். விடுதலையான ஆண்டிலேயே, நவம்பர் முதல் நாள், திருப்பலி நிறைவேற்றும்போது சரிந்து உயிர் நீத்தார். 1987-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

நான்காம் நாள்: நெசவாளர் மகள்

காவ்ஃப்பாய்ரன் நகரில் 1682-இல் ஏழை நெசவாளர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர் அன்னா ஹோஸ். அங்குள்ள பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தில் சேர விரும்பினார். ஆனால் மடத்திற்குக் கொடுக்க வேண்டிய சீதனம் அவருடைய தந்தையிடம் இல்லை. மடத்தின் அருகிலிருந்த மதுக்கடையின் இரைச்சலால் கன்னியர் அவதியுற்று வந்தனர். நகரத் தலைவர் அக்கட்டடம் மடத்திற்குக் கிடைக்க உதவினார். கைம்மாறாக இப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார். அவர் கத்தோலிக்கர் அல்லர், புரோட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர் என்பதே வியப்பு!

1703-இல் மடம் புகுந்த அப்பெண்ணுக்குக் கிரசென்ஷியா என்னும் பெயர் சூட்டப்பட்டது. சீதனமின்றி வந்தவர் என்பதால் தொடக்கத்தில் மிகுந்த துன்பம் அடைந்தார். பொறுமையோடு தாங்கினார். பின்னாளில் நவசந்நியாசிகளுக்குப் பயிற்சியளித்தார். 1741-இல் மடத்தின் தலைவியானார். உயர்குடியினரும் அவரிடம் ஆலோசனை கேட்டுக் கடிதம் எழுதினர். 1744-இல் மறைந்த அவருக்கு 2001-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவருடைய உடல் மடத்துக் கோவிலில் வைக்கப்பட்டுள்ளது.

ஐந்தாம் நாள்: டாஹாவ்

இது சற்றுத் தொலைவான பயணம். முனிச் நகருக்கு அப்பால் செல்ல வேண்டும். இன்பச் சுற்றுலாவில் இவ்விடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பவேரியாவின் அழகை மட்டும் கண்டு திரும்புவது பாதி உண்மையைக் கண்டு திரும்புவதாகும். 1933 மார்ச் மாதத்தில் நாஜிகள் இங்கே வதை முகாமைத் திறந்தனர். 1945 ஏப்ரல் 29 அன்று விடுவிக்கப்படும் வரை சுமார் இரண்டு லட்சம் பேர் அடைக்கப்பட்டனர். 41,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2,700-க்கும் மேற்பட்ட குருக்களும் கைதிகளாயிருந்தனர்; அவர்களுள் பெரும்பான்மையினர் போலந்து நாட்டினர்.

கைதிகள் வேலை செய்த தோட்டத்தில் செடிகள் விற்கும் கடை ஒன்று இருந்தது. 1944-இல், பள்ளிச் சகோதரிகள் சபையில் சேரக் காத்திருந்த யோசஃபா மாக் என்னும் இருபது வயதுப் பெண், ஃப்ரைஸிங் மடத்திலிருந்து அக்கடைக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த கைதிக் குருக்களைக் கண்டார். அதன்பின், செடி வாங்கும் சாக்கில் உணவு, மருந்து, கடிதங்கள், திருப்பலிக்கான அப்பம் ஆகியவற்றை ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

காசநோயால் நலிந்த கார்ல் லைஸ்னர் என்னும் திருத்தொண்டருக்கு முகாமிலேயே குருப்பட்டம் அளிக்க ஏற்பாடானது. அதற்கான வேண்டுகோளைக் கர்தினால் ஃபவுல்ஹாபரிடம் சேர்ப்பித்து, திரு எண்ணெயைக் கொண்டுவந்தவரும் இப்பெண்ணே. 1944 டிசம்பர் 17 அன்று, கைதியாயிருந்த பிரெஞ்சு ஆயர் கப்ரியேல் பிகே அவருக்குக் குருப்பட்டம் வழங்கினார். புதுக்குரு ஒரே ஒரு திருப்பலிதான் நிறைவேற்ற முடிந்தது. 1945 ஆகஸ்டு 12 அன்று இறந்தார். 1996-இல் முத்திப்பேறு பெற்றவரானார். யோசஃபா போருக்குப் பின் கன்னியர் சபையில் வாழ்ந்து, 2006-இல் மறைந்தார்.

முகாமைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதையொட்டிக் கார்மேல் கன்னியர் மடம் ஒன்று 1964-இல் அமைக்கப்பட்டது. காவல் கோபுரம் ஒன்றின் வழியாகவே அதனுள் செல்ல வேண்டும்.

முடிவுரை

இவ்வைந்து நாட்களில் அரசர் கட்டியதையும் காண்கிறோம். எளியவர் காத்ததையும் காண்கிறோம். பரணில் கிடந்த சுரூபத்தைக் கேட்டு வாங்கிய குடியானவப் பெண், சீதனமின்றி மடம் புகுந்த நெசவாளர் மகள், நீதிமன்றம் சென்ற ஊர்ப்பெண்கள், அப்பத்தை மறைத்துச் சென்ற இளம்பெண் ஆகிய இவர்களுள் எவரும் செல்வாக்குடையவர் அல்லர். ஊர் பார்க்கச் செல்லும் மாணவியர், கட்டடங்களைப் புகைப்படம் எடுப்பதோடு நில்லாமல், 'இதைக் காப்பாற்றியவர் யார்? இதற்காகத் துன்புற்றவர் யார்?' என்று கேட்டறிதல் வேண்டும். அப்போதுதான் செலவிட்ட பணமும் நடந்த நடையும் பயனுள்ளவை ஆகும்.