கியர் கேபிள் ஏன் லிவருக்குள்ளேயே அறுகிறது?

சைக்கிளின் கியர் கேபிள் அறுந்தால் பலரும் துருவைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி வளைவுதான். சுமார் 1.2 மி.மீ. தடிமனுள்ள அந்தக் கேபிள், மெல்லிய எஃகு இழைகளின் முறுக்கு. கியர் மாற்றும்போதெல்லாம் லிவருக்குள் சிறு உருளையைச் சுற்றி வளைந்து நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல, உலோகம் களைத்து, கேபிள் முனையிலுள்ள குண்டுத்தலைக்குப் பக்கத்தில் இழை இழையாக விட்டுப்போகிறது. கியர் சரியாக விழாமல் இழுத்தடித்தால் முதலில் அங்கே பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது.

பின்பக்கக் கேபிள் அறுந்தால், பெரும்பாலான சைக்கிள்களில் பின் கியர் மாற்றியின் ஸ்பிரிங் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். மேடேறுவது பெரும்பாடு! அந்த மாற்றியில் சிறிய சக்கரப் பக்கத்துக்கான எல்லை ஸ்குரூவை உள்ளே முறுக்கினால், அடுத்த பெரிய சக்கரத்தில் செயினை நிறுத்தி வீடு சேரலாம். புதுக் கேபிள் கோக்குமுன், உடைந்த தலையை லிவரிலிருந்து எடுத்துவிடுங்கள். உறைக்குள் கெட்டி கிரீஸ் வேண்டாம். தூசி சேர்ந்து கேபிள் இறுகும்.