விரலுக்குள் புகும் இரண்டு வெளிச்சங்கள்

இரவில் கரண்ட் நின்றால், கைபேசியின் ரோச் வெளிச்சத்தை விரல்நுனியால் மூடிப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். வெளிச்சத்திலிருந்த பச்சையையும் நீலத்தையும் குருதி விழுங்கிவிட, சிவப்புத்தான் அதிகம் தப்பி வருகிறது. முட்டு வந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பிள்ளைகளின் விரலில் மாட்டுகிறார்களே ஒரு கிளிப், அதற்குள் நடப்பதும் இதே வேலைதான். கொஞ்சம் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு சின்ன விளக்குகள். ஒன்று சிவப்பு, அலைநீளம் 660 நனோமீற்றர் அளவு. மற்றது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர், 940 அளவு. ரிவி ரிமோட்டிலிருந்து வருவதும் இந்த வகைதான். மறுபக்கத்தில் ஓர் ஒளியுணரி. குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபின் சிவப்பைத் தாராளமாக விடும், செந்நிறக்கீழை அதிகம் உறிஞ்சும். ஒட்சிசன் இல்லாதது நேர்மாறு.

சரி, தோலும் எலும்பும் மறைக்காதா? மறைக்கும். ஆனால் அவை துடிப்பதில்லை. இதயம் அடிக்கும்போதெல்லாம் நாடிக்குள் குருதி கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் கருவி எடுத்து, இரண்டு வெளிச்சங்களிலும் ஒப்பிட்டு ஒட்சிசன் அளவைக் கணக்கிடுகிறது. யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி, இதயம் எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்று காதில் ஒளி பாய்ச்சி அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அளவீட்டைக் குழப்பியது. அதை நீக்கப் போனவர், துடிப்புக்குள்ளேயே ஒட்சிசன் கணக்கு இருப்பதைக் கண்டு 1974இல் அறிவித்தார். தொல்லையைத் துரத்தாமல் உற்றுப் பார்த்ததுதான் அவருடைய கெட்டித்தனம்.

திரையில் 98 என்றால்? ஓர் ஈமோகுளோபின் நான்கு ஒட்சிசன் மூலக்கூறுகளைச் சுமக்கும். நான்கு நெல் மூட்டை ஏற்றும் லாண்ட்மாஸ்டர் பெட்டி என்று வையுங்கள். நூறு மூட்டைக்கு இடமிருந்தால் 98 ஏறியிருக்கிறது. மொத்தம் எத்தனை பெட்டி ஓடுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதனால் குருதிச்சோகை உள்ளவருக்கும் 98 வரலாம்.

சுகமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் 95 முதல் 100 வரை. விரல் குளிர்ந்திருந்தாலோ கை ஆடினாலோ எண் பிசகும். கடும் நிறக் கியூட்டெக்ஸும் குழப்பும். எங்களைப் போன்ற கருமைத் தோலில் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டியும் காட்டக்கூடும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று கறுப்பின நோயாளிகளில் இதை எடுத்துக்காட்டியது. ஆகவே, எண் நல்லாயிருந்தாலும் மூச்சு முட்டினால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.