போஸ்ட்கிரஸ் தரவுத்தளம்: உருவான விதம், நிறுவும் முறை, விரிவாக்கும் வரிசை

பஸ் டிக்கெட் முன்பதிவு செயலி ஒன்றில் கடைசியாக ஒரே ஒரு இருக்கை மிச்சம் இருக்கிறது. ஒரே நொடியில் இரண்டு பேர் அதைத் தொடுகிறார்கள். இருவர் பெயரிலும் அந்த இருக்கை பதிவாகக் கூடாது. கிடைக்காதவரின் வாலட்டில் பணம் கழியக் கூடாது. ‘டிக்கெட் உறுதி’ என்று ஒருவருக்குச் சொன்ன மறுகணமே சர்வரில் மின்சாரம் போனாலும் அந்தச் சொல் பொய்க்கக் கூடாது. இந்த மூன்றையும் காப்பதுதான் உறவுசார் தரவுத்தளத்தின் தலையாய வேலை. வேகம், அளவு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வேலையைப் பல ஆண்டுகளாக நாணயமாகச் செய்துவரும் திறமூலத் தரவுத்தளம் போஸ்ட்கிரஸ்.

யார் உருவாக்கினார்கள்?

தகவலை அட்டவணைகளாக வைத்து, அவற்றுக்கிடையே உறவு காட்டிக் கேள்வி கேட்கலாம் என்ற கோட்பாட்டை 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்டார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு அதை இன்கிரஸ் என்ற மென்பொருளாக்கியது. அதன் அடுத்த கட்டமாக அதே குழு 1986-இல் தொடங்கியதுதான் போஸ்ட்கிரஸ். 1994-இல் பல்கலைக்கழகத் திட்டம் முடிவுக்கு வந்தது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் அதற்கு எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்து இணையத்தில் வெளியிட்டார்கள். 1996-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாறியது. அன்று முதல் உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடி வளர்க்கிறார்கள்.

இதற்கு உரிமையாளர் என்று ஒரு நிறுவனம் கிடையாது. யார் வேண்டுமானாலும் மாற்றத்தை எழுதி அனுப்பலாம். அதை மற்றவர்கள் வரிக்கு வரி அலசுவார்கள். மூல நிரலில் சேர்க்கும் அதிகாரம் ‘கமிட்டர்’ எனப்படும் சிறு குழுவிடம் மட்டுமே உண்டு. சேர்ந்த மாற்றம் பல்வேறு இயங்குதளங்களில் தானாகவே சோதிக்கப்படும். ஒரு வசதி உள்ளே வரச் சில நேரம் ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகள் பிழைத்திருத்தம் கிடைக்கும்.

உள்ளே நடப்பது என்ன?

முதலில் அந்த இருக்கைக்கு வருவோம். ‘காலியாக இருந்தால் என் பெயரில் எழுது’ என்று இரண்டு கட்டளைகள் வருகின்றன. முதலில் வந்தது அந்த வரியைப் பூட்டுகிறது. இரண்டாவது காத்திருக்கிறது. முதல் பரிவர்த்தனை முடிந்து பூட்டு விலகியதும், இரண்டாவது கட்டளை நிபந்தனையை மறுபடி சரிபார்க்கிறது. இருக்கை காலியாக இல்லை. எனவே அது எதையும் எழுதாது. ‘0 வரிகள் மாறின’ என்ற பதில் செயலிக்குப் போகிறது. வாலட்டில் கழிப்பதும் அதே தரவுத்தளத்தில் அதே பரிவர்த்தனைக்குள் இருந்தால், முழுவதையும் ரத்து செய்துவிடலாம்.

அடுத்தது மின்வெட்டு. ஒரு மாற்றம் உறுதியாகும்போது, போஸ்ட்கிரஸ் அதை முதலில் ஒரு லாக் கோப்பின் கடைசியில் எழுதி, டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்த பிறகே ‘சரி’ என்கிறது. அட்டவணைக் கோப்புகளில் எழுதுவதைச் சற்றுப் பின்னால் வைத்துக்கொள்கிறது. நடுவில் சர்வர் விழுந்தால், எழுந்ததும் அந்த லாக்கைப் படித்து விட்டதைச் செய்து முடிக்கிறது. இந்த லாக்கை இன்னொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் அங்கே ஒரு நகல் உருவாகிறது. பழைய லாக்குகளை முழு பேக்கப்போடு சேர்த்து வைத்திருந்தால், நேற்று மாலை 4 மணிக்கு இருந்த நிலைக்கும் திரும்பலாம்.

மூன்றாவது, குப்பை. ஒரு வரியைத் திருத்தினால் போஸ்ட்கிரஸ் பழையதை அழித்து எழுதுவதில்லை. புதிய பிரதியைச் சேர்க்கிறது. அதனால் எழுதுபவருக்காகப் படிப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய பிரதிகள் தேங்கும். ‘ஆட்டோவேக்கம்’ என்ற வேலையாள் பின்னணியில் அவற்றைத் துப்புரவு செய்கிறது. சர்வர் மெதுவாகிறது என்று இதை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அட்டவணை ஊதும், தேடல் இன்னும் மெதுவாகும்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

நிறுவுவது சில நிமிட வேலை. அதன் பிறகு செய்வதில்தான் பொறுப்பு இருக்கிறது. தரவுத்தளம் கேட்கும் 5432 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். செயலிக்கென்று தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள். நினைவகத்தில் 128 எம்பி மட்டும் எடுத்துக்கொள்ளும்படிதான் இயல்பமைப்பு இருக்கும். தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய சர்வரில் மொத்த ரேமில் கால் பங்கு கொடுத்துத் தொடங்குவது வழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலானது பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது. நகல் சர்வரில் இருந்த பழுதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், அங்கே அழிக்க நினைத்த கோப்புகளை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. பேக்கப்பைத் தேடினால், அது சேர வேண்டிய இடம் காலி. ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. ஒவ்வொரு முறையும் அது பிழை சொல்லி நின்றிருக்கிறது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சலும் யாரையும் எட்டவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு டிஸ்க் நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் போனது போனதுதான். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கூட்டம் பெருகும்போது

செயலி மெதுவானதும் பலரும் பெரிய சர்வருக்கோ புதிய தொழில்நுட்பத்துக்கோ தாவுகிறார்கள். செலவு குறைந்த படியிலிருந்து ஏறுவதே சரி.

முதல் படி, இண்டெக்ஸ். ஒரு கோடி வரிகள் உள்ள அட்டவணையில் ஒரு தொலைபேசி எண்ணைத் தேடினால், இண்டெக்ஸ் இல்லாத நிலையில் முழு அட்டவணையையும் படிக்க வேண்டும். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போல இண்டெக்ஸ் நேராக இடத்தைக் காட்டும். 8 கேபி அளவுள்ள நாலைந்து பக்கங்களைப் படித்தாலே விடை வந்துவிடும். கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ என்று சேர்த்தால், எந்த வழியில் தேடியது, எங்கே எவ்வளவு நேரம் போனது என்று போஸ்ட்கிரஸே சொல்லும். ‘சீக்வென்ஷியல் ஸ்கேன்’ என்று பெரிய அட்டவணையில் வந்தால் அங்கே பாருங்கள். ஆனால் கண்ட இடத்திலெல்லாம் இண்டெக்ஸ் போட்டால் எழுதுவது மெதுவாகும். ஒவ்வொரு புது வரியையும் எல்லா இண்டெக்ஸிலும் பதிய வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி, இணைப்புகள். போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பிராசஸ் தொடங்குகிறது. இயல்பான உச்சவரம்பு 100. அதை ஆயிரக்கணக்கில் ஏற்றுவதைவிட, நடுவில் பிஜிபவுன்சர் போன்ற ஒரு மென்பொருளை வைத்துச் சில டஜன் இணைப்புகளை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பது நல்லது.

மூன்றாம் படி, படிப்பதற்கான நகல்கள். 2010-இல் வந்த 9.0 பதிப்பு முதல் இது உள்ளேயே இருக்கும் வசதி. எழுதுவது முதன்மை சர்வரில், அறிக்கைகளும் தேடல்களும் நகல்களில். நகல் சற்றுப் பின்தங்கியிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. இப்போதுதான் பதிவு செய்தவருக்கு அவருடைய டிக்கெட்டை நகலிலிருந்து காட்டப் போனால், ‘பதிவு இல்லை’ என்று வந்துவிடலாம். அந்தப் பக்கத்தை மட்டும் முதன்மை சர்வரிலேயே படியுங்கள்.

கடைசிப் படி, தரவையே பல சர்வர்களுக்குப் பிரிப்பது. தொடக்க காலத்தில் இன்ஸ்டாகிராம் இப்படித்தான் போஸ்ட்கிரஸைப் பிரித்து வளர்ந்தது. சைட்டஸ் போன்ற விரிவாக்கங்கள் இதை எளிதாக்குகின்றன. ஆனாலும் இரண்டு சர்வர்களில் உள்ள தகவலை ஒரே பரிவர்த்தனையில் மாற்றுவது சிக்கலாகிவிடும். பெரும்பாலான செயலிகள் இந்தப் படியைத் தொட வேண்டியதே இல்லை.

உங்கள் பொறுப்பில் ஒரு போஸ்ட்கிரஸ் ஓடிக்கொண்டிருந்தால், இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியாக எடுத்த பேக்கப்பை வேறொரு சர்வரில் முழுதாக மீட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். விரிவாக்கத்தைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.