டீசல் லொறியின் எச்சரிக்கை விளக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2007ஆம் ஆண்டின் புகைக்கட்டுப்பாட்டு விதியை ஒட்டிப் பாரமான டீசல் லொறிகளின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி இடம்பெறலாயிற்று. இது தேன்கூடு போன்றதொரு பீங்கான் கட்டி. அதன் கண்ணறைகள் ஒன்றுவிட்டொன்று முனையில் அடைபட்டிருத்தலால், புகை நுண்டுளைச் சுவரூடாக வெளியேறக் கரி உள்ளே தங்கும். அக்கரி எரிந்து நீங்க ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். வினையூக்கி துணைசெய்யின் அதனிற் குறைந்ததும் அமையும். நெடுஞ்சாலையில் இது தானே நிகழும். நகரத்துள் நின்று நின்று செல்லும் வண்டியிலோ வெப்பம் போதாது கரி மிகும், விளக்கு எரியும்.

பெரும்பாலான வண்டிகளில் விளக்கு நிலையாக எரியின் கரியை எரித்தல் வேண்டும் என்பதும், விட்டுவிட்டு ஒளிரின் தாமதம் ஆகாது என்பதும் பொருளாம். கரி அளவிறந்தபின் எரித்தால் பீங்கானே உருகவுங் கூடும்.

ஆயின், கரி மிகுந்த காரணத்தை விளக்கு உரையாது. வடிகட்டியின் இருபுறத்து அமுக்க வேறுபாட்டை அளக்கும் உணரியின் சிறு குழாய் பிளந்திருப்பினும் அடைபட்டிருப்பினும் பொய்யளவே தோன்றும். செலவற்ற சோதனையாதலின் முதலில் நோக்கத்தக்கது அதுவே. இன்ஜெக்டர் கசியினும், டேர்போவினூடாக எண்ணெய் ஒழுகினும், எத்தனை முறை எரித்தாலும் விளக்கு மீளும். இவற்றை ஆராயாது புதிய வடிகட்டி பூட்டுவோர் பெரும்பொருள் இழப்பர். சின்னாளில் அதுவும் அடைபடும்.

எரித்த பின்னரும் அமுக்க வேறுபாடு தாழாதாயின், பெரும்பாலும் அது எஞ்சின் எண்ணெயிலிருந்து சேர்ந்த சாம்பலாம். சாம்பல் எரியாது, வடிகட்டியைக் கழற்றித் துப்புரவாக்குதலே வழி.