உங்களுக்குத் தெரியுமா? நடுமதிப்பு 5 நிமிடம் 24 விநாடிதான்!

உடலுறவு தொடங்கியது முதல் விந்து வெளியேறும் வரை எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி, ஒரு மணி என்பதெல்லாம் நண்பர்கள் அளக்கும் கதை. அளந்து பார்த்ததில் நடுமதிப்பு 5.4 நிமிடம். அதாவது, பாதிப் பேருக்கு அதற்கும் குறைவு.

● 2005-இல் வெளியான ஆய்வு இது. நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்காவைச் சேர்ந்த 500 ஜோடிகள், 4 வாரங்கள். ஸ்டாப்வாட்ச் இருந்தது பெண்கள் கையில்! குறைந்தபட்சம் 33 விநாடி, அதிகபட்சம் 44 நிமிடம்.

● வயது கூடக்கூட நேரம் கூடும் என்பதும் தப்புக்கணக்கு. 18–30 வயதினருக்கு 6.5 நிமிடம், 51-ஐத் தாண்டியவர்களுக்கு 4.3.

● அப்படியானால் எது குறைபாடு? முதல் அனுபவத்திலிருந்தே ஏறக்குறைய 1 நிமிடத்துக்குள் முடிவது, தள்ளிப்போட இயலாமை, அதனால் மனவேதனை. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது தொடக்கத்திலிருந்தே இருக்கும் ‘விந்து முந்துதல்’.

● நன்றாக இருந்தவருக்கு நடுவில் வந்தால் தைராய்டு மிகைச் சுரப்பு, புராஸ்டேட் அழற்சி காரணமாகலாம். அதைக் குணப்படுத்தினால் இதுவும் சீராகலாம்.

● இதைக் கட்டுப்படுத்த, உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, தணிந்தபின் தொடரும் பயிற்சியை 1956-லேயே எழுதிவைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சீமன்ஸ். செலவே இல்லை.

● மாத்திரைகளும் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றான டபாக்ஸெட்டின் சிலருக்குத் தலைசுற்றல், மயக்கம் தரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். லாட்ஜில் அறை போட்டிருக்கும் ‘பரம்பரை வைத்தியர்’ தருவதையும்தான்!