மரம் சாய்ந்த வீட்டில் முதலில் என்ன பேசுவது?

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாள்களில் சேதக் கணக்கெடுப்புக்காக பட்டுக்கோட்டைப் பக்கம் போனேன். ஒரு தோப்பில், சாய்ந்து கிடந்த தென்னை மேல் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ''எத்தனை மரம் போச்சுங்கய்யா?'' என்று கேட்டேன். பதில் இல்லை. ''கவலைப்படாதீங்க, உயிர் தப்பிச்சதே பெருசு'' என்றேன். ''குடத்துல தண்ணி தூக்கி ஊத்தி வளர்த்த புள்ளைங்க சார்'' என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. படிவத்தை மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, அவராகவே கணக்குச் சொன்னார்.

ஆறுதல் என்று நினைத்து நான் சொன்னது அவரைப் புண்படுத்திவிட்டது. புயல், வெள்ளம், விபத்து, திடீர் மரணம் என எது நடந்தாலும், முதல் சில நாள்களில் பக்கத்தில் இருப்பவர்கள் செய்யவேண்டியதை 'உளவியல் முதலுதவி' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் இதற்கொரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்றே சொற்கள்தான்.

பார்: காயம் உண்டா, சாப்பிட்டார்களா, படுக்க இடம் இருக்கிறதா? குழந்தைகளையும், தனியாக இருக்கும் முதியவர்களையும் முதலில் கவனியுங்கள்.

கேள்: நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். அழுதால் அழட்டும். 'நிவாரணம் கட்டாயம் வந்துடும்' என உறுதியில்லாத வாக்குறுதி தராதீர்கள்.

இணை: உறவினர், கிராம நிர்வாக அலுவலர், மருத்துவர் என யார் உதவி தேவையோ, அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். சேதத்தைப் பதிவு செய்யக் கூடவே போவதும் பெரிய உதவிதான்.

ஒரு வேளாண் அலுவலராக இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன். வீட்டில் பூச்சிக்கொல்லி இருந்தால், அன்றே அப்புறப்படுத்திப் பூட்டி வையுங்கள். சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். 'செத்துடலாம்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 'ஆமாம்' என்றால், தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலானவர்கள் நாளடைவில் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் ஆகியும் தூக்கமில்லாமல், வேலையில் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 104 அல்லது 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். இரண்டு எண்களையும் உரக்கடை ரசீதுகளோடு எழுதி வையுங்கள்.