குறுந்தட்டுக் கருவி வாங்கப் போகிறீர்களா?

மாணவர்களே! சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டியே பல வீடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அதிர்வுக்கும் பஞ்சுத் தூசுக்கும் குறைவில்லை. சி.டி. பிளேயர் என்னும் குறுந்தட்டுக் கருவி இவற்றைத் தாங்குமா?

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒலி எண்களாகப் பதிவாகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். இவை நுண்குழிகளாக ஒரே சுருள் தடத்தில் அமைகின்றன. அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளி 1.6 மைக்ரான்தான்! அதிர்வு மிகுந்தால் லேசர் கதிர் தடம் மாறும், பாட்டுத் தாவும். லென்சில் தூசு படிந்தால் கதிர் மங்கும்.

ஆகவே, பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். கடையில் உங்கள் தட்டையே போட்டுக் கேளுங்கள். லேசான கீறலுள்ள தட்டும் தடையின்றிப் பாட வேண்டும். தடத்தில் சுமார் 2.5 மி.மீ. பழுதடைந்தாலும் இழந்த எண்களை மீட்கும் முறை பதிவிலேயே உண்டு. தடம் உள்ளிருந்து வெளியே செல்கிறது. தட்டின் ஆட்டம் விளிம்பில்தான் மிகுதி. எனவே கடைசிப் பாட்டையும் கேளுங்கள். மேசையை மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டு வைக்கும் தட்டம் சரியாக மூடுகிறதா என்றும் கவனியுங்கள். திறந்திருந்தால் தூசு உள்ளே புகும்.

வாங்கியபின், தறிக்கூடச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கனமான பலகையின் அடியில் ரப்பர்த் துண்டுகள் வைத்து, அதன்மேல் அமர்த்துங்கள். அப்பாவின் உழைப்பில் வாங்கிய கருவி நெடுநாள் பாடட்டும்!